அதே வகுப்பில் இன்னொரு வருஷமா?

வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, "பையனை இன்னொரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

மார்க்கை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கூட்டத்தில் தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், சிறப்புக் கல்வி ஆசிரியர் மூவரும் இருந்தார்கள். வருகைப் பதிவு, நோட்டுகள், வயது, மற்ற பிள்ளைகளோடு பழகும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கண், காது பரிசோதித்தாயிற்றா என்றும் கேட்டார்கள். (பரிசோதித்திருந்தோம், குறையில்லை.) தங்கை ஒரு வகுப்புதான் கீழே என்பதையும் குறித்துக்கொண்டார்கள். இவனை நிறுத்தினால் இருவரும் ஒரே வகுப்பு. "பாப்பாகூடவா உட்காரணும்?" என்று அவன் கேட்டது இன்னும் மனசை அறுக்கிறது.

வாசிப்புச் சோதனையை என் கண் முன்னாலேயே வைத்தார்கள். வரியின் கீழ் விரலை நகர்த்திக்கொண்டே வாசித்தான். 'கோடை'யைக் 'கொடை' என்றான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அவனுக்கு ஒன்றுதான். ஒரு நிமிஷத்தில் 22 சொல். கணக்கில் தடுமாற்றமே இல்லை. நோட்டைப் புரட்டினால், காய்ச்சலில் போகாமல் இருந்த ஐந்து வாரத்தில்தான் அந்தக் கொம்பெழுத்துப் பாடங்கள் நடந்திருக்கின்றன.

அடுத்த ஒரு வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஷேன் ஜிமர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990 முதல் 1999 வரை வந்த 20 ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் எழுதியிருக்கிறார். நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள், அதே அளவு பின்தங்கியும் மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளைவிடப் பொதுவாக முன்னேறவில்லை என்பதுதான் சாரம்.

மறு கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்த வருஷம் கிடைக்காத எது அடுத்த வருஷம் அதே வகுப்பில் அவனுக்குக் கிடைக்கும்?" அதே புத்தகம், அதே பாடவேளை. தனியாகச் சொல்லிக்கொடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "சரி, அந்த உதவியை மூன்றாம் வகுப்பில் கொடுத்துப் பார்ப்போமா?" என்றார்.

தினமும் அரை மணி நேரம் மூன்று பிள்ளைகளோடு வாசிப்புப் பயிற்சி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனை. எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன். இந்த நிலையில் இருக்கும் பெற்றோர் தயவுசெய்து இதை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

முதல் ஆறு வாரச் சோதனையில் 35 சொல். கொம்பில் இன்னும் தடுக்குகிறான். ஆனால் இப்போது தப்பாக வாசித்தால் தானே நின்று, விரலைப் பின்னால் இழுத்து, அந்தச் சொல்லை மறுபடி வாசிக்கிறான்.