ஆயிரம் டாலரும் ஒரு நாற்காலியும்

பிரெண்டன் ஐக், 1995இல் இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைப் பத்தே நாளில் உருவாக்கியவர். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவை நிறுவியவர்களில் ஒருவர். 2014 மார்ச் இறுதியில் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஏப்ரல் 3 அன்று விலகினார். நாற்காலி சூடாகக்கூட இல்லை.

கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடுக்க 2008இல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 'முன்மொழிவு 8'க்கு ஆதரவாக அவர் 1,000 டாலர் கொடுத்திருந்தார். அங்கே இப்படியொரு பிரசாரத்துக்கு 100 டாலர் கொடுத்தாலே பெயரோடு வேலை பார்க்கும் இடமும் பொதுப் பதிவில் ஏறிவிடும். அவர் பெயருக்குப் பக்கத்தில் மோசில்லா என்று இருந்தது. அவர் தலைவரானதை எதிர்த்து, இணை தேடும் தளமான ஓகேகியூபிட் ஃபயர்ஃபாக்ஸில் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, வேறு உலாவியில் வரச் சொன்னது. (இணையத்தில் எந்த உலாவிக்கு ஓடினாலும் ஜாவாஸ்கிரிப்ட் கூடவே வரும் என்பது வேறு விஷயம்.)

அதே 2008இல், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்று சொன்ன ஒபாமா அதிபர் தேர்தலில் வென்றார். முன்மொழிவு 8ஐ அவர் எதிர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐக் ஒரு சாதாரணப் பொறியாளராக இருந்திருந்தால் அவர் பக்கம் நின்று சண்டை போட்டிருப்பேன். தலைவர் கதை வேறு. தன் திருமண உரிமையைப் பறிக்கப் பணம் கொடுத்தவரிடமே ஊதிய உயர்வுக்கும் போய் நிற்க வேண்டிய ஊழியரை நினைத்துப் பார்க்கிறேன். மனம் நோகச் செய்ததற்கு வருந்துவதாக ஐக் எழுதினார். கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளாத அந்தப் பிடிவாதத்தின் மீது எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதற்காக அவர் அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.