வட்டக்கச்சி வயலும் என் ஹெலியும்

2024 பெப்ரவரி 18, ஞாயிறு

மெசின் வெட்டிவிட்டுப் போய் ஒரு கிழமையாகிறது. கிளிநொச்சி வட்டக்கச்சியில், மாமாவின் வயலில் இப்போது அறுத்த தாளும் இரண்டு மாடும் கொஞ்சம் கொக்கும்தான். எனக்குக் கிடைக்கிற மைதானம் இதுதான், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால் அதுவும் போய்விடும்.

ஹெலி என்றால் றிமோட்டில் ஓட்டுகிற சின்ன மொடல் ஹெலிகொப்டர், 450 ரகம், மச்சான் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தது. மூன்று பற்றரி இருக்கிறது, ஒன்றுக்கு ஐந்து நிமிடம். ஆக ஒரு கிழமை காத்திருந்து கால் மணித்தியாலம் பறக்கவிடுகிறேன் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

முதல் பற்றரி முடிவதற்குள் ஏழெட்டுப் பெடியள் கூடிவிட்டார்கள். "அண்ணை, எங்கட தலைக்கு மேலால விடுங்கோவன்" என்றான் ஒருவன். இறக்கி, பற்றரியைக் கழற்றிவிட்டு, பிளேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். 325 மில்லிமீற்றர், பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் நீளம். நிமிடத்துக்கு 2600 சுற்று என்றால் நுனி மணிக்கு 340 கிலோமீற்றர் வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது, ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ் எவ்வளவு விரட்டினாலும் அதில் மூன்றிலொன்று வராது. 2013 செப்டெம்பரில் நியூயோர்க், புரூக்ளினில் ஒரு பூங்காவில் 19 வயது இளைஞர் தான் ஓட்டிய ஹெலியே தலையில் அடித்து இறந்துபோனார். அவருடையது இதைவிடப் பெரியது, ஆனால் அவர் என்னைப்போல் கற்றுக்குட்டி இல்லை, நன்றாகப் பழகினவர். இதைச் சொன்னதும் பெடியள் தாங்களாகவே இரண்டு வரம்பு தள்ளிப் போய் நின்றார்கள். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விட்டேன்.

பெப்ரவரி 21, புதன், இரவு

கை இன்னும் நடுங்குகிறது, எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து, வாலைத் திரும்பவிடாமல் பிடித்துவைக்கிற ஜைரோவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மோட்டரின் மூன்று வயரையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிளேட்டையாவது கழற்ற வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. ஹோல்ட் சுவிச் போட்டிருக்கிறது, மோட்டர் சுற்றாது, ஐந்து நிமிட வேலை என்று இருந்துவிட்டேன். றிமோட்டில் வேகம் கூட்டுகிற ஸ்டிக் நடுவில் நின்றது. ஜைரோ சுவிச்சைத் தட்டப்போய் பக்கத்திலிருந்த ஹோல்டைத் தட்டிவிட்டேன்.

மோட்டர் உடனே சீறவில்லை. மெல்ல, மின்விசிறி தொடங்குவதுபோலத்தான் சுற்றத் தொடங்கியது. இரண்டு மூன்று செக்கன் இருந்தது. அந்த நேரத்தில் சுவிச்சைத் திருப்பிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால் கையை நீட்டி வாலைப் பிடித்தேன். பிடித்ததும் ஹெலி திரும்பியது, பிளேட் தேநீர்க் கிளாசில் அடித்தது, பிறகு மேசை விளிம்பில். மேசையில் விரல் மொத்தத்துக்கு ஒரு வெட்டு. கிளாஸ் துண்டுகள் குசினி வாசல்வரை. என் கட்டைவிரலில் மூன்று தையல்.

அக்காவின் மகன் அதற்குப் பத்து நிமிடம் முன்னர்தான் அதே கதிரையில் முழங்காலிட்டு "மாமா, இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதால் எழும்பிப் போனான்.

பெப்ரவரி 22, வியாழன்

காலையில் எழும்பியதும் முதலில் றிமோட்டைத்தான் திட்டினேன், இரண்டு சுவிச்சையும் யார் இப்படிப் பக்கத்தில் வைத்தது என்று. அப்புறம் பார்த்தால் எந்தச் சுவிச்சுக்கு எந்த வேலை என்று மெனுவில் தெரிந்தெடுத்ததே நான்தான். ஹோல்டை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஆனால் எனக்கு உறுத்துவது சுவிச் இல்லை. கை மூளையைக் கேட்காமல் ஓடியதே, அது. இரவு படுக்க முன் இருட்டில் நின்று, ஹெலி இல்லாமல், றிமோட்டை மட்டும் பிடித்து ஹோல்டைத் தட்டிப் பழகுகிறேன், ஐம்பது தரம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

மார்ச் 3, ஞாயிறு

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் விடத் தடை போட்டிருந்தார்கள், இன்றைக்கும் எது பறந்தாலும் விசாரிப்பார்கள். அதனால் தொடங்க முதலே கிராம அலுவலரிடமும் பொலிசிலும் சொல்லிவிட்டேன், இரணைமடு ஓடுபாதைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. என்னைப்போல் பொறுப்பான ஆள் இல்லை என்றுதான் நினைப்பு.

வயலுக்கு மேற்கே ஒரு வீடு இருக்கிறது. அங்கே கேட்கவேயில்லை. இன்று அந்த வீட்டுப் பிள்ளை வரம்பில் வந்து நின்று, "நீங்கள் உந்த ஹெலியை விட்டா அம்மம்மா வீட்டுக்குள்ள இருக்க மாட்டா, மாமரத்துக்குக் கீழ போய் இருந்திடுவா" என்றது. மாமரத்தடியில் 2008இல் பங்கர் இருந்ததாம்.

நான் அந்தக் காலம் வவுனியாவில். வண்டு என்றால் வேவு விமானம், அது சுற்றினால் பின்னால் குண்டுபோடுகிற கிபிர் விமானம் வரும் என்று கேட்டுத்தான் தெரியும். அவவுக்குக் காது பழகினது, என் ஹெலியும் அதே மாதிரி இரைகிறது போல.

ஹெலியைத் தூக்கிக்கொண்டு போனேன். மடியில் வைத்துப் பார்த்தா, ஒரு கிலோகூட வராது. "உந்தச் சின்னச் சாமானே இந்தச் சத்தம் போட்டது?" பிறகு, "உதால என்ன பிரயோசனம் தம்பி?" எனக்குப் பதில் வரவில்லை. பிளேன்ரீ தந்தா. "வெள்ளி பின்னேரம் நான் கோயிலுக்குப் போயிடுவன், அப்ப விடு" என்றா.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி லீவு. அம்மம்மா கோயிலுக்கு. ஒரு பற்றரி விட்டேன். இரண்டாவதுக்கு முன்னர் பிளேட் பிடியின் ஆணி விரலாலேயே திரும்பியது. மூட்டை கட்டியாச்சு.

மார்ச் 17, ஞாயிறு

எல்லா வெள்ளியும் லீவு இல்லையே. பளைப் பக்கம் வெளி இருக்கிறது, வீடும் இல்லை என்று கூட்டாளி ஒருவர் சொன்னார். மூன்று பற்றரியும் ஏற்றிக்கொண்டு போனேன். உண்மையிலேயே நல்ல வெளி, காற்றும் இல்லை. ஓரத்தில் பற்றைக்கு முன்னால் சிவப்புப் பலகை, மண்டையோடு, மிதிவெடி. நான் நின்ற இடத்திலிருந்து அறுபது எழுபது மீற்றர் இருக்கும்.

கூட்டாளி, "அங்கால விடாமல் இஞ்சால விடு" என்றார். ஹெலி பிழையான பக்கம் போனால் என் கால் அதன் பின்னால் ஓடும், அதை மேசையில் பார்த்துவிட்டேன். பெட்டியைத் திறக்கவில்லை.

முழுதாக ஏற்றின பற்றரியை அப்படியே வைக்கக் கூடாது, மூன்றையும் செல்லுக்கு 3.8 வோல்ற்றுக்கு இறக்கி முடிய இரவு பத்தரை.