மாமா எட்டு வைத்து அளந்த கடற்கரை

மாமா ரிட்டையர்டு ஆன நாளிலிருந்து வடவள்ளி வீட்டில் கடல் பேச்சுத்தான். ஊரில் மற்றவர்களெல்லாம் தோட்டத்துச் சாளைக்குக் குடிபோய் ரெண்டு மாடு கட்டுவார்கள். இவருக்குக் கடலோரம் வேண்டும். அதுவும் கூட்டமில்லாத கடலோரம். ஆனால் பேரன் பேத்தி வந்தால் கூட்டிப்போக வேளாங்கண்ணி, பூம்புகார் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கணும். "ஜன சதாப்தில ஏறிக் குக்குனா மயிலாடுதுறை. அக்கட்டத் தரங்கம்பாடி. அப்பறம் என்னத்துக்கு ரோசனை?"

போன வாரம் போய் இடமும் பார்த்தாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. செக் புத்தகத்தை அத்தை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருந்ததுதான் காரணம்.

தரகர் "கடல்லேர்ந்து இருநூறு மீட்டர் தாண்டித்தான் சார் இருக்கு, பட்டா க்ளியர்" என்றாராம். மாமா சும்மா நம்புகிற ஆளா? வேட்டியை மடித்துக் கட்டி, அலை நுரை தொட்ட இடத்திலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். எண்ணிக்கை சரியாக வந்ததில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்த நேரத்தில் தண்ணீர் உள்வாங்கி நின்றிருந்தால் அளவு எதற்கு ஆகும்? கணக்கு தொடங்குவது அலை நுனியிலிருந்து அல்ல, ஓதம், அதாவது கடலேற்றம், ஏறி நிற்கிற எல்லையிலிருந்து. 2019-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, கிராமப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் அந்த எல்லையிலிருந்து 50 மீட்டர் வரை புது வீடு எழுப்ப முடியாது. ஆள் குறைவான கிராமமாக இருந்தால் 200 மீட்டர். அதாவது, அமைதியான ஊராகத் தேடத் தேட வீடும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பட்டா, நிலம் உன்னுடையது என்று சொல்லும். கட்டலாம் என்று சொல்லாது. சர்வே எண்ணைக் கடலோர மண்டல வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டும். அதே தரங்கம்பாடியில் 1306-ல் பாண்டியன் கட்டின மாசிலாமணிநாதர் கோயிலிலேயே பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மாமாவின் சிட்-அவுட் எம்மாத்திரம்?

தெற்கே பக்கத்தில் கல் கொட்டிய அலைத்தடுப்பு இருந்தால் அந்த மனையே வேண்டாம். நம் கிழக்குக் கரையில், வருஷத்தை மொத்தமாகப் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தென்பக்கம் மேடாகும், வடபக்கத்தைக் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் கரை அரிபட்டதும் இதனால்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த கூத்துக்கு இதெல்லாம் உறை போடக் காணாது. அது தண்ணீர்ப் பேச்சு.

மனையில் நாற்பது அடியில் தண்ணீர் என்றதும் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடி போயும் புகை பார்த்த சனம் நாம். "நாப்பதுலயே இவ்வளவுன்னா, ஒரு முன்னூறு போட்டா ஆறே ஓடுமுங்க!" பக்கத்து மனைக்காரர் அதே நினைப்பில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து ஆழமாக இறக்கியே விட்டாராம். அந்த போரிலிருந்து ஒரு கேன் பிடித்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அத்தையிடம் கொடுத்து, "இதுல காப்பி வை" என்றார்.

முதல் வாய் மாமாதான் குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. துப்பவும் இல்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து, "சக்கரை கொஞ்சம் எச்சா" என்றார்.

சிறுவாணித் தண்ணீரிலேயே வளர்ந்த பேரன் நேராக வாஷ்பேசினுக்கு ஓடினான். மீட்டரை விட்டுப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 3000-ஐத் தாண்டி நிற்கிறது. குடிக்க 500-க்குள் இருக்கணும். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. கடலோர மணல்திட்டில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடிக்கு நல்லது, அதற்குக் கீழே உப்பு. மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும். அங்கே ஆழம் எதிரி. உறை இறக்கின கிணறு, அரை எச்.பி. மோட்டார், விட்டு விட்டு ஓட்டணும். இன்னொன்று, தரகர்கள் தை மாசத்தில்தான் தண்ணீரைக் குடித்துக் காட்டுவார்கள். மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். சித்திரை, வைகாசியில் போய்க் குடிக்கணும்.

அமைதியை மட்டும் அந்த மாசங்களில் பார்க்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. குப்பமே ஓய்ந்து கிடக்கும். தடை முடிந்ததும் விடியற்காலம் படகு இன்ஜின், பொழுது விடிய ஏலம். ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்றால் அந்த ரோடு பூராவும் நடைபயணக் கூட்டம்.

கட்டடச் சங்கதியில் மாமா நம்மூர் மேஸ்திரியையே கூட்டிப்போவதாக இருக்கிறார். அவர் கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம் நிற்க 25 மில்லி கவர் பிளாக் வைத்துத் தளம் போட்டே பழகியவர். கடலோரத்துக்கு 45 மில்லி, எம்30 கான்கிரீட். இல்லையென்றால் சில வருஷத்தில் கம்பி துருப்பிடித்து உப்பிச் சிமெண்ட்டைத் தள்ளும். கேட்டுக்கு 304 ரக எவர்சில்வர் ஆகாது, 316 ரகம் வேண்டும். இதைச் சொன்னால் மேஸ்திரி கோபித்துக்கொள்வார் என்று மாமா கவலைப்படுகிறார்.

கடைசியில், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, புயலும் மழையும் இருக்கிற மூன்று மாசம் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. "தென்னைக்கு ஆரு தண்ணி உடறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாமா வெளியே போய்விட்டார்.

பகல் முழுக்க வேண்டாமென்று நின்ற அத்தை, டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏங் கண்ணு, மணல்ல நடந்தா மாமாவுக்கு மொளங்கால் வலிக்காதா?"

காய்ந்த மணலில் கால் புதையும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவு. ஒரு கால் தாழ்ந்தே நடக்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் ரெண்டு காலுக்கும் சரியாகிவிடும்.

"அப்பச் சரி. எனக்கும் ஒரு ரப்பர் செருப்பு வாங்கோணும்."