ஏரிக்கரைச் சாலையில் சுமை ஏற்றிய சைக்கிள்

மலை இல்லை, வெறும் ஏரியும் வயலும்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஏற்றத்தின் வேலையைக் காற்று செய்யும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, ஏரிக்காற்று கரையை நோக்கி வீசும். எதிர்க்காற்றுப் பகுதியைக் காலை 10 மணிக்குள் கடந்துவிடுவது நல்லது.

டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம் இருக்கட்டும். மண்பாதையில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம்; ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து ட்யூப் நசுங்கும். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் அதுதான், முள் அல்ல. முள் என்றால், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, நுனியை எடுத்த பிறகே ட்யூபை மாட்டுங்கள். (வெறும் விரல் வேண்டாம்.)

சுமை வண்டியில் அதிகம் உடைவது பின்சக்கரத்தின் செயின் பக்க ஸ்போக். அந்தப் பக்கம்தான் இழுவிசை கூடுதல். மாற்றுவதற்கு கேசட்டை (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கு) கழற்றியாக வேண்டும். அதற்கான கருவி இல்லாமல் ஸ்போக்கை மட்டும் சுமந்து போவது வீண். சரியான நீளத்தில் 3 ஸ்போக் போதும். கனமான சாமான்களில் கொஞ்சத்தை முன்சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் பைகளுக்கு மாற்றினால் பின்சக்கரம் பிழைக்கும்.

உழவுக் காலத்தில் டிராக்டர் சாலையில் விட்டுப்போகும் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே குச்சியால் நோண்டி எடுங்கள், காய்ந்தால் கல்தான்.