காட்டைப் பூட்டுறதா, திறந்து விடுறதா?

கொடைக்கானல்ல இப்ப எந்த டீக்கடையில உக்காந்தாலும் இதே பேச்சுதான். மலைக்கு வர்ற வண்டிக்கு ஆன்லைன்ல வாங்குற இ-பாஸைத் தூக்குங்கன்னு ரூம் வச்சிருக்கவங்க, காட்டையே பூட்டுங்கன்னு இன்னொரு பக்கம்.

2024 மே 7-லிருந்து இ-பாஸ். 2025 ஏப்ரல்ல ஐகோர்ட்டு கணக்கும் வந்துச்சு: வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000. வண்டியை எண்ணியாச்சு, சரி. மேல வந்தவங்க எங்க போய்க் குவியிறாங்க? மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, எல்லாம் ஒரே ரோட்டுல.

பைன் காட்டுக்குள்ள கீழ குனிஞ்சு பாருங்க. வேரு மண்ணுக்கு வெளிய கிடக்கு, மிதிபட்டு வழவழன்னு ஆயிருச்சு. நடுவுல சிப்ஸ் கவர். ஆனா அது 1906-ல வன அதிகாரி பிரையன்ட் காலத்துல நட்டது, இந்த மலையோட சொந்தக் காடான சோலைக்காடு கிடையாது. ஜனங்க நடந்துதான் ஆகணும்னா அங்கேயே நடக்கட்டும், சோலைய விட்டுருங்கங்கறது என் கட்சி. (வனத்துறை நண்பர் ஒருத்தர் இதுக்கே சண்டைக்கு வந்தார்.)

காட்டுக்குள்ள இருக்கற பேரிஜம் ஏரிப் பக்கம் அனுமதிச் சீட்டு இல்லாம விடமாட்டாங்க, யானை நின்னா பாதைய மூடிருவாங்க. ஜீப் ஓட்டுற அண்ணன்மாருக்கு அதுல வருத்தம்தான். எனக்கு அந்த முறைதான் சரின்னு படுது.

மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கிச் செத்த குரங்கணித் தீ 2018 மார்ச்ல. அதுக்கப்புறம் நம்ம பசங்க மலையேற வழிகாட்டியாப் போறதே பயமாயிருச்சு. 2024-ல அரசே ஆன்லைன்ல புக் பண்ணி 40 பாதையில கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிருக்கு. இங்க உள்ள பசங்களுக்கு அதுல எத்தனை வேலைன்னுதான் அடுத்த கூட்டத்துல கேக்கப் போறேன்.