சோடா தூக்கலாகிப்போன வாழைப்பழ கேக்

முதல் ஞாயிறு

கோதுமை மாவு 2 கப், அதாவது 250 கிராம். கறுத்துப்போன பூவன் பழம் ஐந்து. நாட்டுச் சர்க்கரை, எண்ணெய், அரை கப் தயிர், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. நாலைந்து முறை செய்து கை பழகிய கணக்குதான். ஓடிஜி ஓவனில் 180 டிகிரியில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் இருபது நிமிடத்திலேயே மேல்பக்கம் காபிக்கொட்டை நிறம். வெளியே எடுத்ததும் நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கண் கண்ணாக, ஆப்பத்தின் நடுவைப் போல.

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு இரண்டு முறை மென்றாள். "என்னடி, துணி சோப்பு போட்டுப் பிசைஞ்சியா?" என்றாள். மேல் வீட்டுப் பையன் இன்னும் நாகரிகம்: "ஆன்ட்டி, எனக்கு வயிறு ஃபுல்."

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒரே மாதிரி ஊறுகாய் பாட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அளவை மாற்றிப் போட்டிருக்கிறேன். பவுடர் அரை, சோடா ஒன்றரை. மூன்று மடங்கு.

பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமில உப்பும் சோள மாவும் சேர்த்து வருவது. தனிச் சோடாவின் வீரியம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. 1 கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் சோடா என்பதே பொதுவான அளவு. அதற்கும் தயிரோ எலுமிச்சையோ ஏதாவது ஒரு புளிப்பு துணைக்கு வேண்டும். புளிப்பைத் தின்று தீர்த்த பிறகும் மிஞ்சி நிற்கிற சோடா, மாவுக்குள் 80 டிகிரியைத் தாண்டும்போது சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. மளிகைக் கடையில் சலவை சோடா என்று விற்கிறார்களே, அதேதான். ஆக, அம்மா சொன்ன துணி சோப்பில் மிகை எதுவும் இல்லை. மேல்தோல் கறுத்ததற்கும் சோடாவின் காரத்தன்மைதான் காரணம், சர்க்கரையையும் புரதத்தையும் சீக்கிரம் சிவக்க வைக்கும். பள்ளம் விழுந்தது, மாவு இறுகுவதற்கு முன்பே காற்று மொத்தமும் பொங்கி வெளியேறியதால்.

வெந்த கேக்கைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். பல்குச்சியால் குத்தி, எலுமிச்சைச் சாறு கலந்த சர்க்கரைப் பாகை ஊற்றினேன். மேலே அரை அங்குலம் வரை நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே அதே சோப்பு. கொஞ்சமாகத் தூக்கலான கேக் என்றால் இது போதும் என்று நினைக்கிறேன். இது கொஞ்சம் இல்லை. குப்பைக்குப் போனது.

நடுவில் ஒரு சனிக்கிழமை

பாரிமுனை போய் 0.1 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு ஒன்று வாங்கினேன். வந்ததும் வீட்டில் இருந்த வெள்ளைப் பொடி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தாயிற்று. அளவு ஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் 1 டீஸ்பூன் சோடா 5 கிராமுக்குச் சற்றுக் கீழே. அதே ஸ்பூனில் கோபுரமாக எடுத்தால் 8 கிராமைத் தாண்டுகிறது. "ஒரு டீஸ்பூன்" என்று எழுதிவிட்டுப் போகிற குறிப்புகளில் எவ்வளவு வில்லங்கம்! அப்புறம் விளையாட்டாக அம்மாவைச் சிட்டிகை எடுக்கச் சொன்னேன். மூன்று முறையும் 0.4. நான் எடுத்தது 0.3, 0.7, 0.5. இதற்குமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்றும் தயார் செய்தேன். பள்ளியில் செய்த மஞ்சள் தாள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தால் போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான். காரம் பட்டால் சிவப்பு, இல்லாவிட்டால் மஞ்சள். குப்பைக்குப் போகும் முன் எடுத்துவைத்திருந்த பழைய கேக் துண்டைத் துளி தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தாளில் வைத்தேன். செங்கல் நிறம்.

இரண்டாம் ஞாயிறு

வேண்டுமென்றே தப்பு செய்தேன். அதே கணக்கு, 7 கிராம் சோடா, அரை டீஸ்பூன் பவுடர். தேவையான 2.4 கிராமுக்கு மேல் ஏறத்தாழ 4.6 கிராம் சோடா. மாவை நான்கு கிண்ணமாகப் பிரித்தால், கிண்ணத்துக்கு 1.15 கிராம் கூடுதல்.

முதல் கிண்ணம் அப்படியே, ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவதில் 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஊற்றியதும் கோலி சோடா உடைத்த மாதிரி பொங்கியது.

மூன்றாவதுக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருகிற சிட்ரிக் ஆசிட். கணக்கு சுலபம்: 4 கிராம் சோடாவை அடக்கச் சுமார் 3 கிராம் போதும். கிண்ணத்துக்கு 0.9 கிராம். இதற்குத்தான் தராசு.

தயிரை மட்டும் வைத்துச் சரிக்கட்டலாமா என்றும் கணக்குப் போட்டேன். அரை டீஸ்பூன் சோடாவை அடக்கவே 1 கப் புளித்த மோர் வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட அரை கப் ஊற்ற வேண்டியிருக்கும். 60 கிராம் மாவு ரவா தோசைப் பதத்துக்குப் போய்விடும். விட்டுவிட்டேன்.

நான்காவது கிண்ணத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா, "பஜ்ஜிக்கு சோடா கூடிப் போனா என்ன பண்ணுவேன்? மாவைக் கூட்டிடுவேன். இல்லேன்னா எண்ணெய் குடிச்சுத் தொலைக்கும்" என்றாள். சரி, அதுவே நான்காவது. ஆனால் மூன்று மடங்கு சோடாவை மாவைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டும் என்றால், சோடாவே போடாத மாவு இன்னும் இரண்டு பங்கு சேர்க்க வேண்டும். பழம், தயிர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அதே விகிதத்தில். ஒரு கிண்ணம் மூன்று கிண்ணம் ஆனது.

கலந்த கையோடு எல்லாவற்றையும் ஓடிஜிக்குள் தள்ளினேன். புளிப்பு சேர்த்த பிறகு நின்று கதை பேசினால் காற்று போய்விடும்.

முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாறு போட்டதில் சோப்பு வாடை போய்விட்டது, ஆனால் வாழைப்பழத்தை மீறி எலுமிச்சை நின்றது; உள்ளே கொஞ்சம் களி மாதிரி. சிட்ரிக் ஆசிட் போட்டதுதான் உயரம் அதிகம், கடைசியில் லேசாக அமுங்கியது. சோப்பு இல்லை, நாக்கின் ஓரத்தில் ஓர் உப்புக் கரிப்பு இருந்தது. சோடாவில் உள்ள சோடியம் எங்கேயும் போவதில்லை, உப்பாக மாறி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த வழியில் போகிறவர்கள் மாவில் உப்புப் போடாமல் இருந்தால் நல்லது. ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் சர்க்கரையை ஒரு ஸ்பூன் கூட்டலாம். அம்மாவின் முறையில் செய்ததுதான் உண்மையான வாழைப்பழ கேக். மஞ்சள் தாள் முதலாவதுக்கு மட்டும் சிவந்தது.

இத்தனையும் மாவு நிலையிலேயே தெரிந்தால்தான். எனக்கு மட்டும் அது தெரிந்திருந்ததா என்ன? இனி ஓடிஜிக்குள் வைக்கும் முன் ஒரு துளி மாவைத் தாளில் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். அளவு சரியாக இருந்த மாவையும் வைத்துப் பார்த்துவிட்டேன், மஞ்சள் மாறவில்லை.

மூன்றாம் ஞாயிறு

சோடா அளவு 2.4 கிராம், தராசில் நிறுத்தது. பாட்டில்களில் பேப்பர் ஒட்டி எழுதியும் ஆயிற்று. கேக் பொன்னிறம், பள்ளம் இல்லை. மேல் வீட்டுப் பையன் இரண்டு துண்டு சாப்பிட்டான். மூன்றாவது துண்டில் முகம் சுளித்தான். பார்த்தால் கேக்கின் உள்ளே பழுப்பாக ஒரு புள்ளி, மிளகு அளவுக்கு. சென்னைக் காற்றின் ஈரத்தில் சோடா கட்டி தட்டியிருக்கிறது. மொத்த அளவு சரியாக இருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் தூக்கல். மாவைச் சலித்தேன், சோடாவைச் சலிக்காமல் மேலே தூவினேன். இனி டீ வடிகட்டியில் சோடாவைத் தனியாகச் சலித்து, பிறகு மாவோடு சேர்த்து இன்னொரு முறை.

அடுத்தது கோகோ கேக். வீட்டில் இருப்பது காரம் சேர்த்துப் பதப்படுத்திய கறுப்புக் கோகோ. சாதாரண கோகோவில் இருக்கிற புளிப்பு அதில் இல்லை, அதனால் சோடாவுக்குத் துணையும் இல்லை. தயிரைக் கூட்டுவதா, சோடாவை எடுத்துவிட்டு பவுடரை மட்டும் போடுவதா என்று இரண்டு கிண்ணத்தில் செய்து பார்க்க வேண்டும். மஞ்சள் தாள் இன்னும் ஐந்தாறு மிச்சம் இருக்கிறது.