வெள்ளத்தில் நின்ற காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

ஒரு மணித்தியாலம் அடித்து ஊற்றினால் போதும், கொழும்பு ஆமர் வீதியிலும் தும்முல்லைச் சந்தியிலும் கார்கள் வெள்ளத்துக்குள் நின்றுபோகும். உடனே சாரதியின் கை சாவிக்குப் போகும். நல்லாயிருந்த எத்தனையோ எஞ்சின்கள் உடைவது அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான்.

எஞ்சின் காற்று இழுக்கும் வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். பிஸ்டன் மேலே வரும்போது காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. 660 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டருக்கு 220 சிசி. கம்ப்ரெஷன் (காற்றை அமுக்கும் விகிதம்) 11.5க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 21 மில்லிலீற்றர். ஒன்றரை மேசைக்கரண்டிதான்! அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கொன் ரொட் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) வளையும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். கண்ணாடியை ஏற்றவோ ஏசி போடவோ பவர் பட்டனை அழுத்தி ரெடி நிலைக்குக் கொண்டுவந்தால், உங்களைக் கேட்காமலே கார் எஞ்சினைச் சுற்றும். சுற்றுவது சாதாரண ஸ்டார்ட்டர் அல்ல, பலமான மோட்டார். ஓஃப் பண்ணிவிட்டு அப்படியே விடுங்கள். உயர் வோல்ட் செல்லும் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்க வேண்டாம். மனுவல் கியர் காரைக் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் இதே கேடுதான்.

காரை மேடான இடத்துக்கு எடுத்த பிறகு, முதலில் 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள் (சில ஹைபிரிட்டில் பற்றரி பின்பக்கம் இருக்கும்). எயர் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். ஃபில்டர் காய்ந்து, அதற்கு அப்பால் உள்ள குழாயும் காய்ந்திருந்தால் நிம்மதி. ஃபில்டர் நனைந்து உப்பியிருந்தாலோ குழாயின் உள்ளே சேற்றுத்துளி ஒட்டியிருந்தாலோ ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும். டீசலென்றால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். பிறகு கிராங்க் கப்பியின் (பெல்ட் சுற்றும் சில்லு) போல்ட்டில் சொக்கெட் போட்டு, எஞ்சின் சுற்றும் பக்கமாகக் கையால் இரண்டு முழுச் சுற்று. பிளக் துளைக்கு மேல் முகத்தை வைக்காதீர்கள், தண்ணீர் பீச்சும். இடையில் இறுகினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

ஒயில் அளக்கும் டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஒயிலும் ஒயில் ஃபில்டரும் மாற்றாமல் ஓட்டக்கூடாது; பத்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு தடவையும் மாற்ற வேண்டும். அன்றே வேலை செய்ய முடியாவிட்டால் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி புது ஒயில் விட்டு வையுங்கள். ஒரு இரவிலேயே துரு பிடிக்கும்.

திரும்ப ஓடிவிட்டது என்பதால் தப்பிவிட்டதென்று நினைக்க வேண்டாம். சற்றே வளைந்த ரொட் வாரக்கணக்கில் ஓடி, பிறகு ஒருநாள் உடைந்து எஞ்சின் பிளொக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ரொட் வளைந்தால் பிஸ்டன் முன்பிருந்த உயரத்துக்கு வராது, அந்த சிலிண்டரின் கம்ப்ரெஷன் மற்றவற்றைவிடக் குறையும். அதனால் கம்ப்ரெஷன் டெஸ்ட் கட்டாயம்.

மழை இல்லாத நாளிலும் எஞ்சினைத் தின்பது தூசி. சேர்விஸில் கொம்ப்ரசர் காற்றைக் கிட்டப் பிடித்து அடித்தால் எயர் ஃபில்டர் தாள் கிழிந்து தூசி உள்ளே போகும். ஃபில்டருக்குப் பின்னால் ஃபோன் டோர்ச்சைப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அது ஓட்டை, மாற்றுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், சுற்றியுள்ள இறப்பர் விளிம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டும்போது பெட்டிக்குள் கிடக்கும் இலை, சருகு எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தெடுத்து, கிளிப் ஒன்றுவிடாமல் மாட்டுங்கள்.